சாம்பிள் எடுக்கும் விதத்தால் ரிப்போர்ட் மாறுமா?

வணக்கம். விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று முன்பு பேசியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: “என் கணவரால் மருத்துவமனை அறையில் சாம்பிள் கொடுக்கவே முடியவில்லை. எப்படியோ கொடுத்ததில் கவுன்ட் 9 மில்லியன் என்று வந்தது. அடுத்த முறை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனோம், 31 மில்லியன். எது உண்மை? எடுக்கும் விதத்தால் இவ்வளவு மாறுமா? ஐ.யூ.ஐ. அன்றைக்கும் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாமா?” கவுன்ட் என்றால் ஒரு மில்லி விந்தில் இருக்கும் விந்தணுக்களின் எண்ணிக்கை. ஐ.யூ.ஐ. என்றால் கழுவிப் பிரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கவுன்ட் ஏற என்ன மாத்திரை, என்ன சாப்பிடலாம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கவுன்ட் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு ரிப்போர்ட்டுமே உண்மைதான். அந்தந்தக் கப்பில் என்ன இருந்ததோ அதை லேப் எண்ணிச் சொல்லியிருக்கிறது. உங்கள் கணவர் உடம்பில் இருந்தது எல்லாம் அந்தக் கப்பில் வந்து சேர்ந்ததா என்பதுதான் விஷயம்.

வழக்கமாக வீடியோ பார்க்கிறவர்களுக்கு நான் இப்போது என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். முதல் சொட்டு! விந்து வெளியே வரும்போது ஒரே கலவையாக வருவதில்லை. முதலில் வருவது புராஸ்டேட் சுரப்பியின் நீர். விந்தணுக்களில் பெரும்பகுதி அதோடுதான் வருகிறது. அதற்குப் பின்னால் வருவது விந்துப் பைகளின் நீர். கப்பில் தெரியும் அளவில் பாதிக்கு மேல் இந்த நீர்தான், ஆனால் அதில் அணுக்கள் குறைவு. ஆக, கடைசியில் கொஞ்சம் சிந்தினால் பெரிய நஷ்டம் இல்லை. முதலில் வந்தது சிந்தினால் கப்பைப் பார்த்தால் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியாது, கவுன்ட் மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும்.

அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சின்ன அறை, வெளியே ஆட்கள் நடமாடும் சத்தம், தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்ற கவலை. ஒரு கையில் கப். மூடியைத் திறந்து வைத்தோமா இல்லையா என்பதே அந்த நேரத்தில் மறந்துபோகும். முதல் பீச்சு கையில் விழும், மிச்சம்தான் கப்பில். மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கொடுத்துவிட்டு வந்துவிடுவார். “முழுவதும் சேகரித்தீர்களா?” என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள். ஆமாம் என்று டிக் அடித்திருப்பார்.

என்னிடம் வந்த ஒரு தம்பதிக்குக் கவுன்ட் குறைவு, நேரே இக்ஸிதான், அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சைதான் என்று மனதைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தார்கள். கணவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆரம்பத்தில் கொஞ்சம் கீழே விழுந்துவிட்டது டாக்டர், சொல்லக் கூச்சமாக இருந்தது” என்றார். மறுபடி எடுக்கச் சொன்னோம். கவுன்ட் சாதாரண அளவில் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் 9-க்கும் 31-க்கும் இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒரே ஆணுக்கு ஒரே முறையில் எடுத்தாலும் எண்ணிக்கை ஏறி இறங்கும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது பக்குவப்பட்டு வெளியே வர இன்னும் சில நாள் ஆகும். இரண்டு மாதம் முன்னால் வந்த கடும் காய்ச்சல் இன்றைக்கு எடுக்கும் சாம்பிளில் தெரியும். அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிக்கு 16 மில்லியன் என்று ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை, மேலே என்றால் கட்டாயம் பிறக்கும் என்றும் இல்லை.

சரி, வீட்டில் எடுத்தால் தரம் குறையுமா? நேரத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டால் குறையாது. பதற்றம் இல்லாததால் சிலருக்கு வீட்டில் எடுத்தது நன்றாகவே இருக்கும். இந்த நேர விஷயத்துக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1677-இல் லேவன்ஹூக் என்ற ஹாலந்துக்காரர்தான் மைக்ராஸ்கோப்பில் விந்தணுக்களைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மனைவியோடு சேர்ந்த பிறகு கிடைத்தது, பாவமான வழியில் எடுக்கவில்லை என்று அதில் பணிவோடு விளக்கம் வேறு சொல்கிறார்! நாடி ஆறு முறை துடிப்பதற்குள் பார்த்துவிட்டேன் என்றும் எழுதுகிறார். எப்படி எடுத்தேன், எவ்வளவு சீக்கிரம் பார்த்தேன் என்ற இரண்டையும் அந்த மனிதர் அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார். நம் படிவத்தில் பல பேர் அந்த இரண்டையும்தான் சரியாக நிரப்புவதில்லை.

உங்களுக்கு ஆறு துடிப்புக் கணக்கு வேண்டாம். அரைமணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ரொம்ப நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். லேபில் கொடுத்த கப்பிலேயே எடுங்கள். சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். ஐஸில் வைப்பது, வெயிலில் நிற்கும் வண்டியில் வைப்பது இரண்டும் கூடாது. எடுத்த நேரத்தை மூடியில் எழுதிவிடுங்கள்.

எண்ணெய், ஜெல், சோப்பு, எச்சில் எதுவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் பல லூப்ரிகன்ட்கள் அணுக்களின் ஓட்டத்தைக் குறைக்கும். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அது வேண்டவே வேண்டாம். அந்த ரப்பரும் அதில் தடவியிருப்பதும் அணுக்களுக்கு ஆகாது. கையால் எடுக்க முடியாதவர்களுக்கும், மத நம்பிக்கையால் விரும்பாதவர்களுக்கும் என்றே அணுக்களைப் பாதிக்காத தனி உறை இருக்கிறது, மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். உறவின் நடுவில் வெளியே எடுத்துக் கப்பில் பிடிப்பதும் சரிவராது. அங்கேயும் போவது முதல் சொட்டுதான்.

ஐ.யூ.ஐ.க்கு வருகிறேன். வீட்டிலிருந்து கொண்டுவரலாம், மருத்துவமனை சம்மதித்தால். பரிசோதனைக்கு அணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் தெரிந்தால் போதும். ஐ.யூ.ஐ.யில் அதே அணுக்கள் உள்ளே போய் வேலை செய்ய வேண்டும். விந்து நீரிலேயே நெடுநேரம் கிடந்தால் ஓட்டம் குறையும், அதனால் சீக்கிரம் கழுவிப் பிரிக்க வேண்டும். வீடு தூரம் என்றால் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்குவது நல்லது. கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சாம்பிள் எடுப்பதற்கும் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி என்பது பரிசோதனைக்கான விதி. நிறையச் சேரட்டும் என்று பதினைந்து நாள் அடக்கிவைக்கிறார்கள் சிலர். எண்ணிக்கை கூடும், ஆனால் பழைய அணுக்கள் தேங்கி, ஓட்டம் குறைந்து, உள்ளே இருக்கும் மரபுப் பொருளும் சேதப்பட்டிருக்கும்.

அன்றைக்குக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறதா? முன்கூட்டியே ஒரு சாம்பிளை உறையவைத்துக்கொள்ளலாம். உறைந்து உருகும்போது கணிசமான அணுக்கள் செத்துப்போகும், ஐ.யூ.ஐ.க்கு அது குறைதான். இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும் என்பதால் அங்கே தாங்கும். தண்டுவட அடிபட்டவர்களுக்கு அதிர்வுக் கருவி இருக்கிறது. குழாய் அடைப்பால் விந்தில் அணுவே இல்லாதவர்களுக்கு ஊசி மூலம் விரையிலிருந்தே எடுப்பார்கள். 1992-இல் வந்த இக்ஸி முறைதான் அவர்களுக்கு வழிதிறந்தது. இதைத் தனியாக ஒரு நாள் பேசுவோம்.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், “சிந்திவிட்டது என்று லேபில் சொல்லலாமா?” என்று யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் தினமும் கேட்கிற விஷயம் அது, யாரும் சிரிக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் அந்த எண்ணை நம்பி உங்கள் இருவருக்கும் தேவையில்லாத சிகிச்சை ஆரம்பித்துவிடும், ஊசிகளைப் போட்டுக்கொள்ளப்போவது நீங்கள். இன்று ராத்திரி அவரிடம் மெதுவாகக் கேளுங்கள், அன்றைக்கு முதலில் வந்தது கப்பில் விழுந்ததா என்று. பதிலை அந்த 9 மில்லியன் ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி, இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஐ.யூ.ஐ. தேதி குறிப்பதற்கு முன்னால், வீட்டிலிருந்து எடுத்து மூன்றாவதாக ஒன்று பார்த்துவிடலாமா என்று கேளுங்கள்.