சரிகை மங்காமல் படத்தைச் சுருக்குவது

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே நீங்களே மனத்தில் ஒரு பட்டுப் புடவையை விரித்துக்கொள்ளுங்கள். பச்சை உடல், அரக்குச் சிவப்புக் கரை, கரையில் மெல்லிய சரிகைக் கோடுகள். பேச்சு முடியும்வரை அதை மடிக்க வேண்டாம்.

சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆரணியில் பட்டுக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பார்க்க வருகிறவர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள்" என்றார். திறந்து பார்த்தேன். முகப்பில் 40 புடவைகள். எல்லாப் படங்களும் கைபேசியில் எடுத்தபடியே ஏற்றப்பட்டவை. ஒவ்வொன்றும் சுமார் நாலரை மெகாபைட். கூட்டினால் 180 மெகாபைட். நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கும் ஒருவர் இந்தக் கடை வாசலில் எட்டிப் பார்ப்பதற்கே அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்தாக வேண்டும்.

"படம் உள்ளங்கை அளவுதானே தெரிகிறது ஐயா, அதனால் சின்னப் படம் என்று நினைத்துவிட்டீர்கள்" என்றேன். அவர் மட்டுமல்ல, பலரும் இடறுகிற இடம் இது. தளம் படத்தைச் சிறிய பெட்டிக்குள் அடைத்துக் காட்டும். ஆனால் முழுப் படமும் வந்து இறங்கிய பிறகுதான் அடைக்கும். ஒரு முழம் பூ கேட்டவருக்குக் கூடையையே தூக்கி அனுப்பிவிட்டு, முழம் போட்டு வாங்கிக்கொள் என்பது போல.

பிக்சல் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கும் வேலையே எனக்கு வரவில்லை. ஜக்கார்டு தறிக்குப் பூ வேலை போடும்போது கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டுவார்கள் அல்லவா, அந்தக் கட்டம்தான் பிக்சல் என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். 12 மெகாபிக்சல் கைபேசி, அகலத்தில் 3000, உயரத்தில் 4000 கட்டம் போடுகிறது. மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். பார்ப்பவரின் கைபேசித் திரையிலோ குறுக்காகப் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான் இருக்கும். 1080 அகலம், 1440 உயரம் என்று குறைத்தால் கட்டங்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். காட்ட இடமே இல்லாத கட்டங்களைத்தான் இதில் விடுகிறோம். முதலில் செய்ய வேண்டியது இதுவே. ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று அச்சகத்தார் சொல்லும் டிபிஐ எண்ணை மட்டும் 72 ஆக்கி, கட்டங்களை அப்படியே விட்டால் கோப்பு சுருங்காது; அந்த எண் காகிதத்துக்கு உரியது.

இரண்டாவது வேலை அமுக்குவது, அதாவது கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றாமல் கோப்பின் அளவைக் குறைப்பது. பெரியவர் இங்கேதான் முரண்டு பிடித்தார். "அமுக்கினால் சரிகை மங்கிவிடுமே?" அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

ஒளிப்படங்களுக்கு நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது ஜேபெக். படத்தை அமுக்கிச் சேமிப்பதற்காக 1992-இல் வெளிவந்த தரமுறை. அதன் உள்ளே இருக்கும் கணக்கு இன்னும் பழையது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது 1972-இல் அந்த யோசனையை ஆராய அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் செய்து, நடராஜன், ராவ் ஆகிய இருவரோடு சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். இந்த நிகழ்ச்சியை நீங்கள் இணையம் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால், என் குரலும் அநேகமாக அந்தக் கணக்கின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. எம்பி3 போன்ற ஒலிக் கோப்புகளில் இருப்பது அதன் மாற்று வடிவம்.

அது செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 கட்டம் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் நிறம் மெல்ல மாறுவது எவ்வளவு, வெடுக்கென்று மாறுவது எவ்வளவு என்று பிரித்து எழுதுகிறது. மெல்ல மாறுவதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். வெடுக்கென்று மாறுவதைக் கத்தரிக்கும், ஏனென்றால் நம் கண் அதை அவ்வளவாகத் தேடாது. வானம், சுவர், கன்னம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சரிகை என்பதோ வெடுக்கென்று மாறுவது மட்டுமே! பெரியவர் ஜேபெக்கைக் கண்டதில்லை, ஆனால் அது எங்கே தோற்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டார்.

இன்னொரு கத்தரிப்பும் உண்டு. வெளிச்ச வேறுபாட்டைக் கண் நுட்பமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பார்க்காது. ஆகவே பல மென்பொருள்கள் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்கின்றன. பச்சைக்கு அருகில் அரக்குச் சிவப்பு வரும் கரையில் இது தெரிந்துவிடும். சாயம் கசிந்தது போல ஓரம் இளகி நிற்கும். சாயம் போகுமா என்று கேட்டு வாங்குகிறவர்களிடம் அப்படிப் படம் காட்டினால் வியாபாரம் என்ன ஆகும்? இந்தச் சிக்கனத்தைக் குரோமா சப்சாம்பிளிங் என்பார்கள். ஜேபெக்கில் அதை நிறுத்தி வைக்கலாம். 2010-இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி வடிவம் பொதுவாக ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பைத் தரும்; இன்றைய உலாவிகளும் அதைக் காட்டும். ஆனால் ஒளிப்படங்களுக்கான அதன் வழக்கமான முறையில் இந்தச் சிக்கனத்தை நிறுத்த வழியில்லை. ஆகவே மற்ற கடைகளுக்கு வெப்பி, சிவப்புக் கரைக்கு ஜேபெக் என்பது என் வழக்கம்.

எதையும் விடாமல் சேமிக்கும் பிஎன்ஜி என்ற பட வடிவம் பற்றி ஒரே வார்த்தை: கடைப் பெயர்ப் பலகை, எழுத்து, கோட்டுப்படம் ஆகியவற்றுக்கு அது நல்லது. தரம் போகக் கூடாது என்று புடவைப் படத்தை பிஎன்ஜியில் சேமித்தால் கோப்பு பல மடங்கு பெருத்துவிடும்.

ஜேபெக்காகச் சேமிக்கும்போது எவ்வளவு அமுக்குவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் தர எண்ணை எவ்வளவு வைப்பது? 80 என்றால் எண்பது விழுக்காடு என்று பொருளில்லை. மென்பொருளுக்கு மென்பொருள் அளவுகோல் மாறும். நான் 80-இல் தொடங்கி, கரைப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இறக்குவேன். கண் உறுத்தும்போது ஒரு படி மேலே ஏறி நிறுத்துவேன். அந்தப் பெரியவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். படம் ஒன்றுக்கு 250 கிலோபைட்டில் அவர் தலையசைத்தார். 180 மெகாபைட் பத்தானது. சரிகையை நெருங்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கரையை மட்டும் தனியே எடுத்த படம் ஒன்றை வைத்தோம். தொட்டால்தான் அது இறங்கும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுருக்கிய படங்களை மூலப் படங்களின் மேலேயே சேமித்துவிட்டேன். கைபேசியிலோ அவர் இடம் போதவில்லை என்று ஏற்கெனவே அழித்திருந்தார். ஜேபெக் விட்டதைத் திரும்பப் பெற முடியாது. நான்கு மாதம் கழித்து, துணிக் கண்காட்சிக்கு ஆளுயரப் பதாகை வேண்டும், பெரிய படம் கொடு என்றார். விற்றது போக மீதி 23 புடவைகளை மறுபடி விரித்து எடுத்தோம். விரிப்பது எளிது. பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைக் கடைப் பையன் பிடித்தான். மறுமுனையை மாலை வரை நான் பிடித்தேன்.