கழுத்து தாங்கிய நிறுவனம்: மித்சுஹாரு மிசாவாவின் மல்யுத்த வாழ்க்கை

[திரையில்: டோக்கியோவின் நிப்போன் புடோகான் அரங்கு]

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும். இதை அறிந்துகொண்டவர்களில் பலர், எல்லாம் நடிப்புத்தானே என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் முன்கூட்டி எழுதப்படுவது முடிவு மட்டும்தான். நூறு கிலோ எடையுள்ள ஒருவரை இன்னொருவர் தலைக்கு மேல் தூக்கிப் பின்புறமாக வீசும்போது தரையில் மோதுவது உண்மையான முதுகு, உண்மையான கழுத்து. அந்த மோதலை வாங்கிக்கொண்டு மீண்டும் எழுந்து நிற்கும் திறமையில் தமது தலைமுறையிலேயே முதன்மையானவர் என்று ஜப்பானிய ரசிகர்கள் போற்றிய மித்சுஹாரு மிசாவாவைப் பற்றியது இந்த வீடியோ. அவருடைய புகழுக்கும் அவருடைய மரணத்துக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் இதில் நான் சொல்ல வருவது.

மிசாவா 1962ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று ஹொக்கைடோ தீவில் உள்ள யூபாரி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, டோக்கியோவுக்கு அருகே சைதாமா மாநிலத்தில் வளர்ந்தார். பள்ளியில் அமெச்சூர் மல்யுத்தம் பயின்றார். அதே பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்த தோஷியாகி கவாதா பின்னாளில் அவருடைய மிகப் பெரிய எதிரியாக ரிங்கில் நிற்கப்போகிறவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் மிசாவா, ஜெயண்ட் பாபா நடத்திவந்த ஆல் ஜப்பான் நிறுவனத்தில் சேர்ந்து, 1981 ஆகஸ்டில் முதல் ஆட்டத்தை ஆடினார்.

[திரையில்: புலி முகமூடி]

1984இல் மெக்ஸிகோவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அவரைப் பாபா திரும்ப அழைத்து, டைகர் மாஸ்க் என்ற முகமூடிப் பாத்திரத்தைக் கொடுத்தார். போட்டி நிறுவனமான நியூ ஜப்பானில் சடோரு சயாமா என்ற வீரர் அதே முகமூடியை அணிந்து நாடே கொண்டாடும் அளவுக்குப் புகழ்பெற்றிருந்தார். மிசாவா இரண்டாவது டைகர் மாஸ்க். ஏற்கெனவே வேறொருவர் வென்று காட்டிய வேடத்தை ஆறு ஆண்டுகள் சுமப்பது எளிதான வேலை அல்ல. சயாமா எடை குறைந்தவர், காற்றில் பறப்பவர். மிசாவாவோ வளர்ந்து கனரகப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்த ஆண்டுகளில் அவர் நன்றாக ஆடினார் என்று சொல்லலாமே தவிர, தலைவராவார் என்று சொல்லத்தக்க அறிகுறி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

தலைவராக்கியது ஒரு நெருக்கடி. 1990 வசந்தகாலத்தில் ஆல் ஜப்பானின் இரண்டாம் நட்சத்திரமான கெனிச்சிரோ தென்ரியூ, புதிதாகத் தொடங்கப்பட்ட வேறொரு நிறுவனத்துக்குப் போனார். அவரைத் தொடர்ந்து வேறு பல வீரர்களும் வெளியேறினார்கள். முதல் நட்சத்திரமான ஜம்போ சுருதாவுக்கு எதிரே நிறுத்த ஆளில்லை. மே 14 அன்று டோக்கியோவில், இருவர் இருவராக அணிசேர்ந்து மோதும் ஒரு டேக் ஆட்டத்தின் நடுவிலேயே, மிசாவா தம்முடைய கூட்டாளியான கவாதாவிடம் முகமூடியின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, அதைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தார். நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 8 அன்று புடோகானில் சுருதாவை எதிர்கொண்டு 24 நிமிட ஆட்டத்தில் வென்றார். தோற்கவே மாட்டார் என்று எண்ணப்பட்ட மூத்தவரை, சொந்த முகத்தோடு வந்த 27 வயது இளைஞர் வீழ்த்தியதைக் கண்டு அரங்கில் அழுதவர்களும் உண்டு.

[திரையில்: பச்சை நிற ஆட்ட உடையில் மிசாவா]

இதற்குப் பின் வந்த பத்தாண்டுகளைப் புரிந்துகொள்ள, பாபா செய்த ஒரு மாற்றத்தை அறிய வேண்டும். அதுவரை பெரிய ஆட்டங்கள் பலவும் இருவரும் ரிங்குக்கு வெளியே விழுந்து எண்ணிக்கை முடிந்துவிட்டது, விதி மீறினார்கள் என்றெல்லாம் சொல்லி, யாருக்கும் பெயர் கெடாமல் முடிக்கப்பட்டன. பாபா அந்த வழக்கத்தைக் கைவிட்டு, முக்கிய ஆட்டம் ஒவ்வொன்றிலும் ஒருவர் ரிங்கின் நடுவே தோள் தரையில் பட மூன்று எண்ணும் வரை அழுத்தப்பட்டுத் தெளிவாகத் தோற்க வேண்டும் என்ற முறைக்கு வந்தார். ரசிகர்கள் இந்த நேர்மையை மிகவும் விரும்பினார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. போன முறை ஒரு வீச்சில் வீழ்ந்தவர் இந்த முறை அதே வீச்சிலிருந்து எழுந்தால்தான் ஆட்டம் வளரும். அவர் எழுந்துவிட்டால், அவரை வீழ்த்த அதைவிடக் கடுமையான ஒன்று வேண்டும். இது ஒரே நிறுவனத்தில், அதே நான்கு பேர் மாறி மாறி மோதும் சூழலில், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. மிசாவா, கவாதா, கென்தா கொபாஷி, அகிரா தாவுவே ஆகியோரே அந்த நால்வர்.

அந்த வளர்ச்சியின் அடையாளம், மிசாவா 1991 ஜனவரியில் தாவுவே மீது முதலில் பிரயோகித்த டைகர் டிரைவர் 91 என்ற வீச்சு. பொதுவாக விழும்போது வீரர் கையைத் தரையில் அறைந்தும், அதிர்ச்சியை முதுகின் பரப்பில் பரவவிட்டும் தம்மைக் காத்துக்கொள்வார். இந்த வீச்சிலோ எதிராளியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னே பூட்டப்பட்டிருக்கும். கைகொடுத்துத் தாங்க வழியில்லாமல் கழுத்தும் தோளும் முதலில் தரையைச் சந்திக்கும். மிசாவா இதை மிக அரிதாகவே கையாண்டார். 1992 ஆகஸ்டில் ஸ்டான் ஹான்சனிடமிருந்து வென்ற, ஆல் ஜப்பானின் தலையாய பட்டமான ட்ரிபிள் கிரவுனை, 1994 ஜூன் 3 அன்று கவாதாவுக்கு எதிராக ஏறக்குறைய 36 நிமிடம் போராடிக் காத்துக்கொண்டபோது, ஆட்டத்தை முடித்தது இந்த வீச்சுதான். தொழில்முறை மல்யுத்த வரலாற்றின் தலைசிறந்த ஆட்டம் எது என்ற விவாதத்தில் இன்றும் முதலில் சொல்லப்படுபவற்றுள் அது ஒன்று. அடுத்த மாதம் ஸ்டீவ் வில்லியம்ஸிடம் தோற்றபோது, மிசாவா அந்தப் பட்டத்தை 705 நாட்கள் வைத்திருந்தார்.

[திரையில்: 1995 ஜூன் 9, புடோகான்]

எனக்கு அதைவிடவும் பிடித்தது 1995 ஜூன் 9 அன்று நடந்த டேக் ஆட்டம். அந்த ஏப்ரலில் கவாதாவின் உதையால் மிசாவாவின் கண்குழி எலும்பு முறிந்திருந்தது. கூட்டாளி கொபாஷியின் காலும் நல்ல நிலையில் இல்லை. கவாதாவும் தாவுவேயும் இந்த இரண்டு காயங்களையும் குறிவைத்தே தாக்கினார்கள். இறுதிக்கட்டத்தில் எழ முடியாமல் கிடந்த மிசாவாவின் மேல் கொபாஷி தம் உடலைப் போர்த்திப் படுத்து, அடிகளைத் தாமே வாங்கிக்கொண்டார். 42 நிமிடங்களுக்குப் பின் கவாதா, தம் வாழ்க்கையில் முதன்முறையாக, மிசாவாவை அழுத்தி மூன்று எண்ணிக்கை பெற்றார். உண்மைக் காயமும் கதையும் எங்கே பிரிகின்றன என்று பார்வையாளரால் சொல்ல முடியாத ஆட்டம் அது; அதன் பெருமையும் ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

1999 ஜனவரி 31 அன்று பாபா காலமானார். மிசாவா நிறுவனத்தின் தலைவரானார். ஆனால் உரிமை பாபாவின் மனைவி மொதோகோவிடம் இருந்தது. நிறுவனத்தை எப்படி நடத்துவது என்பதில் இருவரும் உடன்படவில்லை. 2000 மே மாத இறுதியில் மிசாவா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஜூன் மாதம் அவர் புதிய நிறுவனம் ஒன்றை அறிவித்தபோது நடந்ததைப் போன்ற ஒன்று இந்தத் துறையில் அரிது: ஜப்பானிய வீரர்களில் கவாதாவையும் மசனோபு ஃபுச்சியையும் தவிர மற்ற அனைவரும் அவருடன் புறப்பட்டுவிட்டார்கள். பேரூழி வெள்ளத்தில் உயிர்களைக் காத்த விவிலியக் கப்பலின் தலைவரை நினைவூட்டும் வகையில் நிறுவனத்துக்கு நோவா என்று பெயரிடப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் டிஃபர் அரியாகே அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. ஆல் ஜப்பானை 1972 முதல் ஒளிபரப்பிய நிப்போன் தொலைக்காட்சியும் நோவாவின் பக்கம் வந்தது.

[திரையில்: நோவாவின் பச்சை நிற ரிங்]

முதல் சில ஆண்டுகள் நோவா செழித்தது. 2003 மார்ச் 1 அன்று புடோகானில் கொபாஷியிடம் மிசாவா நோவாவின் முதன்மைப் பட்டத்தை இழந்த ஆட்டம் அதன் உச்சம். அதில் மிசாவா, வீரர்கள் நடந்துவரும் உயரமான பாதையிலிருந்து கொபாஷியோடு சேர்ந்து பின்புறமாகக் கீழேயுள்ள தரையில் வீழ்ந்தார். ரசிகர்கள் இன்றும் அந்தக் காட்சியைப் பகிர்ந்து வியக்கிறார்கள். என்னால் அதை வியப்போடு மட்டும் பார்க்க முடிவதில்லை. மிசாவாவை வெறும் பலியாளாகக் காட்டுவதும் சரியல்ல. இந்தப் போக்கை வளர்த்தவர்களில் அவரே முதல்வர், நோவாவில் அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஆளும் அவரே.

2006இல் கொபாஷிக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இளம் சாம்பியன்களால் அரங்கை நிரப்ப இயலவில்லை. எனவே 44 வயதில், கழுத்தும் தோளும் முழங்காலும் பழுதுபட்ட நிலையில், மிசாவா அந்த டிசம்பரில் நவோமிச்சி மருஃபுஜியை வென்று மீண்டும் பட்டத்தை ஏற்று, 2008 மார்ச் வரை சுமந்தார். பகலில் நிறுவனத் தலைவர், இரவில் முதன்மை வீரர். சுற்றுப்பயணத்தில் அவர் பெயர் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது. டிக்கெட் விற்காவிட்டால் தம்மை நம்பி வந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. 2009 மார்ச்சில் நிப்போன் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியது. அதன்பின் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. கோ ஷியோசாகியுடன் சேர்ந்து மிசாவா, அகிதோஷி சாய்தோ, பைசன் ஸ்மித் இணைக்கு எதிராக டேக் பட்டத்துக்காக ஆடினார். சாய்தோ அவரை இடுப்பில் பிடித்துப் பின்புறமாகத் தூக்கிப் போட்டார். இளம் வீரர்களும் கற்றுக்கொள்ளும், மிசாவா கணக்கில்லாத முறை வாங்கிய சாதாரண வீச்சு அது. அவர் எழவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ரிங்கிலேயே உயிர்மீட்பு முயற்சிகள் நடந்தன. அன்றிரவே மருத்துவமனையில் இறந்தார். 47ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. கழுத்துத் தண்டுவடம் துண்டிக்கப்பட்டதே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. சாய்தோவின் பிழை என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. அந்த ஒரு வீச்சைவிட, அதற்கு முன் வாங்கிய இருபது ஆண்டு வீச்சுகளே காரணம் என்பதுதான் என் கருத்து.

அடுத்த நாளே ஃபுகுவோகாவில் நோவாவின் நிகழ்ச்சி திட்டமிட்டபடி நடந்தது. ஜூலையில் டிஃபர் அரியாகேயில் நடந்த அஞ்சலியில் 20,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று மலர் வைத்தார்கள். தாவுவே தலைவர் பொறுப்பை ஏற்றார். கவாதா 2010க்குப் பின் ஆடுவதையே விட்டுவிட்டார்; கொபாஷி 2013 மே 11 அன்று புடோகானில் விடைபெற்றார்.

[திரையில்: 1990 ஜூன் 8 ஆட்டத்தின் நுழைவுக் காட்சி]

மிசாவாவின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள், எல்லோரும் பரிந்துரைக்கும் 1994 கவாதா ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். முன்கதை தெரியாமல் அதைப் பார்த்தால் வீச்சுகளின் கடுமை மட்டுமே கண்ணில் படும். 1990 சுருதா ஆட்டத்தை முதலில் பாருங்கள். அதில் கழுத்தை நொறுக்கும் வீச்சுகள் இல்லை. முழங்கைக் குத்துகளும், வழிவிட மறுக்கும் ஒரு மூத்தவரும், பொறுமையிழந்த ஓர் இளைஞரும்தான் இருக்கிறார்கள். அதன் பிறகு 1994, 1995 என்று ஆண்டு வரிசையில் போனால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிட எவ்வளவு கூடுதலாகக் கேட்டது என்பது தானாகவே தெரியும்.