பந்தல்காரரின் பதினொரு ரசீதுகள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் தெருவில் திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ பந்தல் போட்டிருப்பார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் பாருங்கள், தார்ச் சாலையின் இரு ஓரத்திலும் வரிசையாகக் குழிகள் இருக்கும். ஒரு மழை பெய்தால் அவை அகலமாகிவிடும். இரண்டு மழைக்குப் பிறகு அந்த இடத்தில் எல்லா வண்டிகளும் வளைந்துதான் போகும். அந்தக் குழிகளுக்காக முன்கூட்டியே வாங்கப்படுகிற பணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் ஒரு நகராட்சியில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவள். பெரும்பாலும் வருவாய்ப் பிரிவில், பணம் கட்டும் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்திருந்தேன். பந்தல், விளம்பரத் தட்டி, பொதுக்கூட்ட மேடை, குழாய் பதிக்கச் சாலையை வெட்டுவது, கட்டடம் கட்டுகிறவர்கள் மணலையும் ஜல்லியையும் தெருவில் கொட்டுவது என்று பொது இடத்தைப் பயன்படுத்துகிற எல்லோரும் அந்த ஜன்னலுக்கு வரவேண்டும். அவர்கள் இரண்டு வகைப் பணம் கட்டுவார்கள். ஒன்று கட்டணம், மற்றொன்று வைப்புத்தொகை. டெபாசிட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். கட்டணம் கொடுத்ததோடு போய்விடுகிற பணம். வைப்புத்தொகை அப்படி இல்லை. அது கட்டியவருடைய பணம், அலுவலகத்தில் இருப்பது பாதுகாப்புக்காக மட்டுமே. சாலையை இருந்தபடி விட்டுவிட்டுப் போனால் அது அவருக்குத் திரும்பவேண்டும்.

அடுப்படியில் வேலையாக இருந்துவிட்டு இப்போதுதான் வானொலிப் பக்கம் வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். கட்டணம் திரும்பாது, வைப்புத்தொகை திரும்பவேண்டும். இரண்டுக்கும் ஒரே ஜன்னலில் ரசீது போடுவதால் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பந்தல்காரர் இருந்தார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் பணம் கட்ட வந்தவர் தகர டப்பா ஒன்றைத் திறந்து சில்லறை தேடினார். டப்பாவுக்குள் மஞ்சள் நிறத்தில் மடித்த காகிதங்கள் இருந்தன. அவை நாங்கள் போட்டுக்கொடுத்த வைப்புத்தொகை ரசீதுகள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாங்கி எண்ணினேன். பதினொன்று இருந்தன.

"அண்ணே, இதெல்லாம் உங்கள் பணம். ஏன் இன்னும் வாங்கவில்லை?" என்று கேட்டேன்.

"அதை வாங்க வந்தால் மூன்று நாள் கூலி போகிறதே அம்மா" என்றார்.

அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பணத்தைத் திரும்பப் பெற அவர் மனு எழுதித் தரவேண்டும். பொறியியல் பிரிவிலிருந்து ஒருவர் போய் இடத்தைப் பார்த்து, சேதம் இல்லை என்று எழுதவேண்டும். கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போய், அதற்குப் பிறகுதான் காசோலை வரும். மூன்று அறைகளுக்கும் அவரே நடக்கவேண்டும். ஒவ்வொரு அறையிலும் "நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் வரும். திரும்பக் கிடைக்கிற தொகையைவிட அலைவதில் இழக்கிற கூலி அதிகம். அதனால் அவர் வைப்புத்தொகையையும் பந்தல் வாடகையில் சேர்த்துவிட்டார். பெண்ணுக்குத் திருமணம் செய்கிற குடும்பம் அந்தப் பணத்தைக் கொடுத்தது. அவருக்கு நட்டம் இல்லை. குழியை மூடினாலும் மூடாவிட்டாலும் பணம் வராது என்று தெரிந்தபின் அவர் எதற்காக மூடவேண்டும்? அவர் மூடவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் கிடந்த பாதிக் குழிகளுக்கு எங்கள் அலுவலகத்தின் மூன்று அறைகளே காரணம் என்று அன்று எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போயும் அந்தத் தகர டப்பா என் கண்ணைவிட்டு அகலவில்லை.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அரசுக் கணக்கு முறையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று முழு நிதியாண்டுகள் யாரும் கேட்காத வைப்புத்தொகை காலாவதியானதாகக் கருதப்பட்டு, மார்ச் மாத முடிவில் அரசு வரவில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகும் உரியவர் கேட்டால் அனுமதி பெற்றுத் திருப்பித் தரலாம். ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாகச் சிறு தொகைகள் கிடந்தன. பந்தல்காரர்கள், கரும்பு வண்டி வைத்தவர்கள், சங்கத்து ஆண்டு விழா நடத்தியவர்கள் என்று எத்தனையோ பெயர்கள்.

சாலை ஆய்வாளர் ஒருவர் நல்ல மனிதர். அவரிடம் பேசினேன். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தம் வழக்கமான சுற்றின்போதே பந்தல் போட்ட இடத்தைப் பார்த்து, மனு வருவதற்கு முன்பே ரசீது எண்ணைப் போட்டு எழுதித் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் பணத்தைக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தோம். விதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது வாரமே அந்தப் பந்தல்காரர் ஒரு சாக்கில் ஜல்லியும் மண்ணும் கொண்டுவந்து, கம்பத்தைப் பிடுங்கிய கையோடு குழியை இடித்து மூடுவதைப் பார்த்தேன். யாரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பணம் வரும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆகவே வைப்புத்தொகையைப் பெரிதாக்கினால் ஒழுங்கு வரும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். சிறிய தொகையாக இருந்தாலும் விரைவாகத் திரும்பினால்தான் அது வேலை செய்யும். தொகையைப் பெரிதாக்கினால் சிறியவர்கள் அனுமதி கேட்காமலே பந்தல் போடுவார்கள்.

பழைய பதினொரு ரசீதுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். ஏழுக்குப் பணம் கிடைத்தது. நான்குக்குக் கிடைக்கவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்.

இனி கட்டணத்துக்கு வருகிறேன். சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வந்தது. நான் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. தெரு எல்லோருக்கும் பொது. அதில் ஒரு பகுதியை ஒருவர் சில நாள் எடுத்துக்கொண்டால், பெருக்குகிற செலவையும் மேற்பார்வைச் செலவையும் அவர் ஏற்பதுதான் நியாயம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இதற்கு அடிப்படையான ஒரு தீர்ப்பு நம் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போன வழக்கில் வந்தது. 1954-இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், வரி வேறு, கட்டணம் வேறு என்று பிரித்துக் காட்டியது. வரி அரசின் பொதுச் செலவுக்கு. கட்டணம் ஒரு குறிப்பிட்ட சேவைக்கு. அந்தச் சேவைக்கான செலவோடு அதற்குத் தொடர்பு இருக்கவேண்டும். பின்னால் வந்த தீர்ப்புகள் இதைச் சற்றுத் தளர்த்தின. பைசா பைசாவாக ஒத்துப்போகத் தேவையில்லை, பரவலான பொருத்தம் இருந்தால் போதும் என்றன. ஒழுங்குபடுத்துவதற்காக வாங்கும் உரிமக் கட்டணம் அளவு மீறாமல் இருந்தால் போதும் என்றும் சொல்லப்பட்டது.

இங்கிலாந்திலும் இதே கேள்வி எழுந்தது. மான்செஸ்டர் மாநகராட்சி தெரு வியாபாரக் கட்டணத்தைக் கொண்டு பொது வருமானம் திரட்டலாமா என்று வழக்கு வந்தபோது, கூடாது என்று 1991-இல் தீர்ப்பானது. அமெரிக்காவில் 1992-இல் ஃபோர்சைத் கவுண்டி வழக்கு. ஊர்வலத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதை ஓர் அதிகாரி தம் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்ற விதியை அங்கே உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஏனென்றால் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவளுக்குத் தெரியும், கட்டணப் பட்டியல் சுவரில் தொங்கினால் எதிரில் நிற்பவர் நிமிர்ந்து நிற்பார். பட்டியல் மேசை இழுப்பறைக்குள் இருந்தால் அவர் கெஞ்சுவார். ஒரு குடிமகன் கெஞ்சி நிற்பதைத் தினமும் பார்ப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது.

தெருவோர வியாபாரிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல்களைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நடைபாதையில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களுக்கென்று 2014-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி, தெரு வியாபாரத்தைக் கவனிக்க ஊரில் அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்கவேண்டும். அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்த பொருள்களை, உரியவர் கேட்டபின், இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். பூ, பழம், காய்கறி போல அழுகக்கூடியவை என்றால் கேட்ட அன்றே தரவேண்டும். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாவிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் பழைய டெபாசிட் ரசீது ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் வைப்புத்தொகை என்ற சொல்லும், எண்ணும், தேதியும் இருந்தால் மனு எழுதுங்கள். மூன்று ஆண்டு கடந்திருந்தாலும் எழுதுங்கள். மனுவில் ரசீதின் நகலை மட்டும் இணையுங்கள், மூல ரசீதைப் பணம் கைக்கு வரும்போதுதான் கொடுக்கவேண்டும். நன்றி, வணக்கம்.