பதின்மூன்றரை லட்சம் ரூபாய்

(தக்கலையில் நூலக வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பத்மநாபபுரம் அரண்மனையை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். மந்திரசாலைக்குள் கால் வைத்ததும் ஒரு குளுமை வருமே, ஞாபகம் இருக்கிறதா? சன்னலில் வண்ண மைக்கா, காலடியில் முகம் தெரியும் கறுத்த தரை. திருவிதாங்கூர் ராஜா மந்திரிகளோடு கூடிப் பேசிய இடம். சட்டம் அவர் வாயிலிருந்து வந்தது, வரி அவர் கஜானாவுக்குப் போனது, கடைசித் தீர்ப்பும் அவருடையதே.

1811இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் திருவிதாங்கூரின் திவானானார், அதாவது ராஜாவின் தலைமை மந்திரி. சமஸ்தானத்தைக் கண்காணிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த பிரதிநிதியான ரெசிடெண்டும் அவரேதான். கணக்கு எழுதுகிறவரும் கணக்கைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆள்! கோயில் சொத்துகளை அவர் அரசின் கீழ் கொண்டுவந்தார். நிலத்தின் வருமானம் அரசுக்குப் போனதால், பூசைச் செலவும் அரசின் தலையில் விழுந்தது.

அந்தப் பழைய கடன் நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 290அ பிரிவைப் புரட்டிப் பாருங்கள். 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்குத் தமிழ்நாடு ஆண்டுதோறும் பதின்மூன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும். கேரளம் தன் பங்குக்குத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு, அதாவது அங்குள்ள கோயில் நிர்வாக நிதிக்கு, நாற்பத்தாறரை லட்சம் தர வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேர் அதில் இல்லை. ஆனால் பேசுவது பெரும்பாலும் நம்மைப் பற்றித்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மந்திரிகள் ஒரு ரூபாய் செலவழிக்கவும் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். மானியக் கோரிக்கை, விவாதம், வாக்கெடுப்பு என்று போகும். இந்தப் பதின்மூன்றரை லட்சத்துக்கு வாக்கெடுப்பு மட்டும் கிடையாது. உறுப்பினர் எழுந்து திட்டலாம், வெட்ட முடியாது.

இப்படி வாக்கெடுப்பு இல்லாத செலவுகளின் பட்டியலில்தான் உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளமும் இருக்கிறது. நம் வழக்குகள் போகும் மதுரைக் கிளை, அரசாணை ஒன்றை இன்று ரத்துசெய்கிறது என்று வையுங்கள். கோபத்தில் நாளைக்குச் சபை அந்த நீதிபதியின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. 211ஆம் பிரிவு, அவர் பணி நடத்தையைச் சபையில் விவாதிக்கவே விடாது. பதிலுக்கு 212, சபை நடைமுறையில் குறை இருந்தது என்று நீதிமன்றம் நோண்ட விடாது. பக்கத்து வீட்டுக்காரர் இருவர் நடுவில் வேலி போட்ட மாதிரி.

மந்திரிக்கும் சபைக்கும் நடுவில் அப்படி வேலி இல்லை. மந்திரி சபையிலேயே உட்கார்ந்திருக்கிறார். சபையின் நம்பிக்கை போனால் அமைச்சரவை மொத்தமாக வீட்டுக்குப் போக வேண்டும். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிக்கிறார்களே, அது எனக்கு ஒப்பாது. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்றுதான் 50ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமன்றத்தையும் நிர்வாகத்தையும் பிரிக்கச் சொல்லி அப்படி ஒரு பிரிவு இல்லை.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, 56ல போட்ட துக, இன்னும் அதே துகதானா? கூட்டணும்னா யாரப் பாக்கணும்?”

கூடுதலாகக் கொடுக்கச் சட்டமன்றத்துக்குத் தடை ஏதுமில்லை. ஆனால் அந்தப் பணத்தை வருஷாவருஷம் வாக்கெடுப்பில் கேட்டு வாங்க வேண்டும். பிரிவில் இருக்கும் தொகையையே திருத்துவதென்றால், ஐயா, டெல்லிக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.