வெள்ளம் வந்த வீட்டில் முதலில் தீர்ந்துபோவது எது தெரியுமா?

(காட்சி: மழை அடித்துக் கொட்டும் தெரு. அடுத்து, காற்றை மட்டும் உமிழும் குழாய்.)

வணக்கம். வெள்ளம் சூழ்ந்த வீட்டில் முதலில் தீர்ந்துபோவது அரிசியும் அன்று, மெழுகுவத்தியும் அன்று, தண்ணீர்தான். நம்ப முடியாதவர்கள் அடுத்த ஐந்து நிமிடம் என்னோடு இருங்கள்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. அதற்குப் புயல் என்று பெயர்கூட வைக்கப்படவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் பதிவான மழை சுமார் 95 சென்டிமீட்டர்.

இந்த 95 சென்டிமீட்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, அதாவது நம் ஊர்த் தட்டட்டி, ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதன்மேல் 95 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 88,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏழு வந்து கொட்டினாலும் அந்த அளவு வராது. அத்தனை தண்ணீரும் தலைக்குமேல் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அடுக்களைக் குழாய் வறண்டுபோகிறது.

காரணம் எளியது. தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ தண்ணீரை மேலே ஏற்றுவது மோட்டார். மோட்டாரை ஓட்டுவது மின்சாரம். துணைமின் நிலையத்திலும் மின்மாற்றியிலும் வெள்ளம் புகும்போது, உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடும்; அது சரியான முடிவு, அதற்காக யாரையும் திட்டாதீர்கள். ‘எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு சொல்: ஒரு குதிரைத்திறன் மோட்டார், கிளம்பும் நொடியில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அந்த இடத்தில் நமக்கு நல்ல திருநெல்வேலி அல்வாவாகவே கொடுத்துவிடும்.

அந்த ஞாயிறு காலை எங்கள் ஆச்சி, பரணில் கிடந்த பித்தளைத் தவலையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து நீர் நிரப்பிக்கொண்டிருந்தார். மழை கொட்டும்போது எதற்கு இந்த வேலை என்று நான் சிரித்தேன். “கரண்டு போனா மோட்டார் எப்பிடி ஓடும்லே?” என்றார். திங்கட்கிழமை மாலை குழாயைத் திறந்தேன். இரண்டு முறை இருமியது, புஸ்ஸென்று காற்று வந்தது, நின்றுவிட்டது. தவலை மட்டும் நிறைந்திருந்தது.

ஆகவே, கனமழை எச்சரிக்கை வந்த உடனே, மின்சாரம் இருக்கும்போதே, மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு வாரம் வரும் என்று எண்ண வேண்டாம்; நகரங்களுக்கான அரசுக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், எனவே நால்வர் உள்ள வீட்டில் அது இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. கழிப்பறைக்கு மழைநீரை அண்டாவிலும் வாளியிலும் பிடித்துக்கொள்ளலாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் தனியே மூடி வையுங்கள். தரைத்தொட்டியின் மூடிக்கடியில் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, மேலே கனமான கல்லை ஏற்றுங்கள். தெருவெள்ளம் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால், தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்த நீர் குடிக்க ஆகாது.

இன்வெர்ட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி என்றால் கணக்குப்படி 1,800 வாட்-மணி. பழையதாகிவிட்ட பேட்டரியில் பாதியை, அதாவது 900 வாட்-மணியைத்தான் நம்பலாம். இரண்டு பழைய மின்விசிறியும் நான்கு விளக்கும் ஓடினால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று, 9 வாட் விளக்கு ஒன்று என்று அடக்கினால் ஏறக்குறைய 23 மணி நேரம் வரும். பலர் பேட்டரியை மாடிப்படிக்கடியில், தரையிலேயே வைத்திருக்கிறார்கள். தாமிரபரணியில் வெள்ளம் ஏறினால், ஆற்றுக்குள்ளேயே கோவில் கொண்ட குறுக்குத்துறை முருகனின் உற்சவர் திருமேனியையே மேலக்கோவிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுகிறார்கள். நாம் ஒரு பேட்டரியை உறுதியான மேடைமேல் ஏற்றக்கூடாதா?

மருந்து, டார்ச், பவர் பேங்க், ஆவணங்கள் நனையாத பை: இவை உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தோன்றினால், தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். அதோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அது சுவரிலுள்ள கம்பிகளுக்கு 230 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் நின்றுகொண்டு எதையும் தொடாதீர்கள். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுப் பேட்டரி தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று அளந்து கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் 2023-இல் அது இரண்டு அங்குலம், இப்போது நாற்பது.