கரமடிக்கு மணல் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் கரையில் நின்று இழுக்கும் வலையான கரமடியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள். அதில் ஒன்றில் பிறந்தவன் நான். நீரோடியிலிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் கேரளத்துப் பொழியூர். 1956 நவம்பரில் எல்லை பிரியும்வரை எல்லாம் ஒரே மாநிலம். அந்தப் பக்கம் கம்பவலை என்றும் சொல்வார்கள். பெயர்தான் வேறு, வலை ஒன்றுதான்.

கடற்கரைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். வள்ளம் வலையை இறக்கிக்கொண்டே கடலுக்குள் வளைந்து போய், தள்ளி வேறோர் இடத்தில் மறுமுனையைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு கூட்டமாக நின்று இழுப்போம். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் வரும். வலையின் நடுவில் பை மாதிரி இருப்பது மடி. நெத்திலி, சாளை, அயலை, பாரை, வாளை என்று அன்றைக்குக் கிடைத்தது அதில் துள்ளும். கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. மீனுக்கு விலை பேசுவதற்கு முன்பே, வீட்டில் ஆள் இல்லாத கிழவிகளுக்கு என் பாட்டா, அதாவது தாத்தா, ஒரு கை அள்ளிக் கொடுத்துவிடுவார்.

சரி, ஏன் பங்குனி, சித்திரை? மணல்தான் காரணம். ஆனி, ஆடியில் மழைக்காலத்து அலை கரை மணலை வாரிக்கொண்டு போகும். அது அடங்கிய பிறகு கடலே கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். பங்குனியில் கரை நன்றாக அகன்று கிடக்கும். நாற்பது பேர் கயிறு பிடித்துப் பின்னால் நடக்க இடம் வேண்டாமா? கரமடிக்கு வள்ளத்தைவிட மணல்தான் முக்கியம். இதை நான் இன்னும் ஒருமுறை சொல்வேன்.

பாட்டா விடியும்முன் கரையில் நிற்பார். தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு நிழல் நகருகிறதா, ஆலாப் பறவை எங்கே வட்டமிடுகிறது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். நீவாடு என்றால் நீரோட்டம். அதற்குப் பிறகுதான் வள்ளம் இறங்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. சித்திரை மாதம், காற்றே இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. வலை பாதி இறங்கிவிட்டது. நான் கயிற்றின் கடைசியில் நிற்கிறேன். பாட்டா கடலைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தார். எப்போதும் நனைந்தே கிடக்கும் மணல் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தது. "மக்களே, கயிற்ற விடு!" என்று ஒரு சத்தம். தோளில் கிடந்த துண்டை வீசி, வள்ளத்தைக் கரைக்கு வராதே என்று நிறுத்தினார். நாங்கள் மேட்டில் ஏறி நின்றபோது அலை வந்தது. ஒன்று, அப்புறம் ஒன்று. வள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்றது. வலை மட்டும் கிழிந்தது. கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் எங்களில் சிலர் இருந்திருக்க மாட்டோம்.

அதுதான் கள்ளக்கடல். வெகுதூரம் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயல் அடித்தால், அந்த அலை சில நாள் பயணம் செய்து இங்கே வரும். உள்ளூரில் காற்று இருக்காது. அதனால்தான் கள்ளன் என்ற பெயர். நம் மீனவர்கள் வைத்த இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. இப்போது ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வந்தால் கரமடிக்காரர்கள் கரையில்கூட நிற்காதீர்கள், தயவுசெய்து.

மணலுக்கு வருகிறேன். வீடுகளைக் கடல் கொண்டுபோகிறது என்று கல் கேட்டவர்கள் நாங்கள்தான். தடுப்புச் சுவரும், கடலுக்குள் நீட்டிக் கல் போடும் தூண்டில் வளைவும் வந்தன, பல வீடுகள் தப்பின. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல் கிடக்கும் இடத்தில் மடி கிழியும், கயிறு இழுக்கவும் இடமில்லை. ஒரு பக்கம் கல் போட்டால் அடுத்த பக்கம் கரை அரிக்கவும் செய்கிறது. அடுத்த தூண்டில் வளைவுக்குத் திட்டம் போடும்போது கரமடி இழுத்த மூப்பர்களைக் கரைக்கு அழைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் வலை இறங்கும், எவ்வளவு மணல் வேண்டும் என்று காலால் அளந்து காட்டுவார்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். குஞ்சு மீனைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். கேரளத்தில் சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்த அளவு வைத்திருக்கிறார்கள். மடியின் கண்ணை அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். பொழியில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், தூண்டில் போடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: கடல் ஏறிவரும் ஏற்றத் தண்ணீரில், உயிர் இறாலைக் கோத்துப் போடுங்கள், கொடுவா கடிக்கும். வணக்கம்.