இரண்டு செலா நூல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். யூத மரபு காட்டும் உடன்பிறந்தோர் பகைக்குக் காரணம் பிள்ளைகளின் குணமா, பெற்றோரின் பாரபட்சமா என்பது தலைப்பு. பெற்றோரின் பாரபட்சமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், இரட்டையரான ஏசாவும் யாக்கோபும் தாயின் வயிற்றிலேயே முட்டிக்கொண்டவர்கள், பெற்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். சரி, முட்டிக்கொண்டார்கள். யூதர்களின் வேதமான தோரா அதோடு விட்டுவிட்டதா? சில வரிகள் தள்ளி, அப்பா ஈசாக்குக்கு ஏசாமேல் பிரியம், அம்மா ரெபேக்காளுக்கு யாக்கோபுமேல் பிரியம் என்கிறது. அப்பாவின் பிரியத்துக்குக் காரணம், மூத்தவன் கொண்டுவந்த வேட்டைக்கறி. மூத்தவனுக்கு அவர் தரவிருந்த ஆசியை இளையவன் பெற வேண்டும் என்று, கண் மங்கிய அவரை ஏமாற்ற, உடலில் ரோமம் அடர்ந்த மூத்தவனைப் போல இளையவனின் கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிவிட்டது பெற்ற தாய். சாபம் வருமே என்று பிள்ளை பயந்தபோது, "அது என்மேல் வரட்டும்" என்றவளும் அவள்தான்.

அப்புறம் ஏசா வருகிறான். கையில் சமைத்த கறி. ஆசி தம்பிக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், "அப்பா, உங்களிடம் ஒரே ஓர் ஆசிதானா இருக்கிறது? என்னையும் ஆசீர்வதியுங்கள்" என்று ஓவென்று அழுகிறான். நடுவர் அவர்களே, 40 வயதைத் தாண்டிய மனிதன் அவன்! தம்பியைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்த அழுகைக்குப் பிறகுதான் வருகிறது.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த யாக்கோபு, தன் 12 மகன்களில் யோசேப்புக்கு மட்டும் தனியாக ஓர் அங்கி செய்து கொடுத்தார். அதன் பிறகு அண்ணன்மாரால் அவனோடு முகம் கொடுத்துப் பேசவே முடியவில்லை. 17 வயதில் வீட்டிலிருந்த பையன், எகிப்துக்குப் போன வணிகரிடம் 20 வெள்ளிக்காசுக்கு விலைபோனான். அந்த அங்கியைத்தான் ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் அனுப்பினார்கள். அன்று ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றியவரின் கைக்கு இந்த ரத்தம் வந்து சேர்ந்தது.

அண்ணன் தம்பியைக் கொன்ற காயீன், ஆபேல் கதையில் பெற்றோரின் பங்கு தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். யோசேப்பின் அண்ணன்மார் செய்ததும் கொடுமைதான். ஆனால் யூத அறிஞர்கள் யாரை எச்சரித்தார்கள்? யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதின் சபாத் பகுதியில் ராவ் என்ற அறிஞர் சொல்கிறார்: பிள்ளைகளில் ஒருவனை மட்டும் தனித்து நடத்தாதே; யோசேப்புக்குக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு செலா எடை நூலால் பொறாமை எழுந்து, நம் முன்னோர் எகிப்துக்குப் போக நேர்ந்தது. செலா என்பது ஒரு நாணயம். இரண்டே நாணய எடை! 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடெஸ் என்ற யூத அறிஞர் இதைத் தம் சட்டத்தொகுப்பிலேயே சேர்த்து, சின்ன விஷயத்தில்கூட வித்தியாசம் காட்டக் கூடாது என்றார்.

இன்னும் ஒன்று. இரண்டு மனைவி உள்ளவன், பிடித்தவளின் மகனுக்காகப் பிடிக்காதவளின் தலைப்பிள்ளையை ஒதுக்கக் கூடாது, அவனுக்கு இரட்டைப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று தோராவின் உபாகமம் என்ற நூல் கட்டளையிடுகிறது. பிள்ளைகளின் குணம்தான் காரணம் என்றால், தகப்பனின் கையை ஏன் கட்ட வேண்டும்? எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.